பெயர்ப் பக்கமும் சில இலவச மென்பொருள்களும்

5 ஜூன் 2023, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு. வெறும் டெக்ஸ்ட் கோப்பாக நோட்பேட்++ நிரலில் எழுதுகிறேன். காசு கிடையாது. அலங்காரமும் கிடையாது, அதனால் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஐம்பது வருஷம் கழித்து எந்தக் கணினியில் போட்டாலும் திறக்கும். திறந்து படிக்க யாருக்காவது அக்கறை இருக்குமா என்பது மென்பொருளின் பொறுப்பல்ல.

‘பொருநைச் செய்தி’ வாரப் பத்திரிகையின் ஆசிரியர் பிச்சுமணி தொடர் ஒன்று கேட்டிருக்கிறார். நான்கு வாரம். தலைப்பு ‘காசில்லாக் கணினி’.

“அன்னாட வேலைக்கு ஆகிறதா, சும்மா கெடைக்கிறதா, உங்களுக்குப் புடிச்சதா எழுதுங்க அண்ணாச்சி. ஒரே ஒரு கண்டிசன். யாரையும் திட்டாம எழுதணும்.”

அப்படியும் எழுத முடியுமா என்று கேட்டேன். முயற்சி செய்யச் சொன்னார்.

எம்.எஸ்ஸி., எம்.ஃபில். கணிதம். இருபத்தாறு வருஷ அனுபவம். கல்லூரியில் என்னிடம் படித்த பையன் துறைத்தலைவராக இருக்கிறான். நான் நூலகக் கணினி அறையில் மவுஸ் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் என்னை நினைவு வைத்திருப்பது ஒரு வாரப் பத்திரிகை மட்டும்தான்.

6 ஜூன், செவ்வாய்

முதல் கட்டுரை அனுப்பியாயிற்று. வி.எல்.சி. எந்தப் படத்தையும் எந்தப் பாட்டையும் முகம் சுளிக்காமல் ஓட்டும். ‘இந்தக் கோப்பு எனக்குத் தெரியாது’ என்று கைவிரிக்காது. மனிதர்களில் அப்படி ஒருவரைச் சந்தித்ததில்லை என்று முடித்திருந்தேன். அந்த வரியைப் பிச்சுமணி வெட்டிவிட்டார்.

9 ஜூன், வெள்ளி

கட்டுரை வந்தது. என் பெயரில் ‘ப.’ விட்டுப்போயிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

11 ஜூன், ஞாயிறு

காலையில் காய்கறிக்குப் போய்த் திரும்பினால் வாசலில் ஒரு ஸ்கூட்டர். உள்ளே புஷ்பலதா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். எட்வின் தேவசகாயத்தின் மனைவி. காலடியில் ஒரு துணிப்பை.

எட்வினைப் பற்றி இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத வேண்டியிருக்காது. நானும் அவனும் சேர்ந்து ஆறு வருஷம் சமாதானபுரத்தில் ஒரு டி.டி.பி. சென்டர் நடத்தினோம். அவன் தமிழ் வாத்தியார், சொல் அவனுடையது. எந்திரம் என்னுடையது. இருவரும் சேர்ந்து ‘கணினிக் கலைச்சொல் அகராதி’ தொகுத்தோம். ஃபோல்டருக்கு அவன் ‘உறை’ என்றான், நான் ‘அடுக்கு’ என்றேன். மூன்று வாரம் சண்டை. இன்றுவரை தமிழ்நாட்டில் எல்லோரும் ஃபோல்டர் என்கிறார்கள். 2004-இல் அகராதி வந்தது. அட்டையில் ஒரே பெயர்: எட்வின் தேவசகாயம். என் பெயரை அவன் எடுத்துவிட்டான். நான் ஒரு கடிதம் எழுதினேன், நாகரிகமான கடிதம். அதற்குப் பிறகு அவன் என் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷம். ஊரில் கேட்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கும்.

“அண்ணன், நல்லாருக்கீங்களா” என்றாள் புஷ்பலதா. பையிலிருந்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்தாள். சென்டரில் இருந்த கணினியின் டிஸ்க். அகராதியின் இரண்டாம் பதிப்பு போட ஒரு பதிப்பகம் கேட்கிறதாம், முப்பதாம் தேதிக்குள் கோப்பு வேண்டுமாம். நாலு கடையில் காட்டியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: உள்ளே தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் டாலர் குறியுமாகக் குப்பை.

குப்பை அல்ல. அது தாமிரை.

எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு இங்கே பரவாத காலம் அது. ஒவ்வொரு சென்டருக்கும் ஓர் எழுத்துரு. கோப்பை அடுத்தவனிடம் கொண்டுபோனால் அவனால் படிக்க முடியாது. வாடிக்கையாளர் நம்மிடமே திரும்பி வந்தாக வேண்டும். எல்லோரும் செய்தார்கள், நான் கொஞ்சம் நன்றாகச் செய்தேன். தாமிரை என் கையால் வரைந்த எழுத்துரு, விசைப்பலகை வரிசையும் நானே வகுத்தது. உலகத்தில் வேறு எந்த எழுத்துருவோடும் ஒத்துப்போகாது.

“எட்வின் வரலியா?” என்று கேட்டேன்.

“அவங்க வந்தா நீங்க கதவத் தொறக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க.”

அபாண்டம். அவன் எப்போது வந்தான், நான் எப்போது திறக்காமல் இருந்தேன்? உலகம்மை அதற்குள், “காபி ஆறுது” என்று பேச்சை மாற்றிவிட்டாள். என் மனைவிக்கு இந்தப் பழக்கம் உண்டு.

புஷ்பலதா கிளம்பும்போது சொன்னாள்: “பெயர்ப் பக்கத்தையும் நீங்களே அடிச்சுரணுமாம். யார் யார் பேரு, எது முன்ன எது பின்ன, எல்லாம் உங்க இஷ்டமாம். நீங்க அனுப்புறத அப்படியே பதிப்பகத்துக்குக் குடுத்துருவாங்களாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

12 ஜூன், திங்கள்

யோசித்தேன். செய்யப்போகிறேன். அவனுக்காக அல்ல. ஒவ்வொரு கோப்பிலும் தேதி இருக்கும். எந்த எழுத்தை யார் தொகுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தகர வரிசை முழுக்க நான். ஆதாரம் பத்தொன்பது வருஷமாக அவன் வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறது. அதை அவன் மனைவியே ஸ்கூட்டரில் கொண்டுவந்து தந்திருக்கிறாள்.

பிச்சுமணிக்குப் போன் செய்தேன். தொடரின் கடைசிக் கட்டுரையில் ஓர் அகராதித் திருட்டை ஆதாரத்தோடு வெளியிடப்போவதாகச் சொன்னேன்.

“மென்பொருள் தொடர்லயா?”

“மீட்டெடுக்கப்போறதே இலவச மென்பொருள்லதான்.”

“அப்ப ரெண்டு பக்கம் தாறேன்” என்றார். திட்டக் கூடாது என்ற கண்டிசன் அவருக்கு மறந்துவிட்டது.

13 ஜூன், செவ்வாய்

இரண்டாம் கட்டுரை: ஜிம்ப். பாஸ்போர்ட் அளவுப் படத்தை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம், பின்னணியை வெள்ளையாக்கலாம். குழுப் படத்திலிருந்து வேண்டாதவரை நீக்குவது எப்படி என்றும் ஒரு பத்தி. உதாரணத்துக்கு சென்டர் திறப்புவிழாப் படத்தைப் பயன்படுத்தினேன். நன்றாக நீங்கியிருக்கிறான். தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம்.

14 ஜூன், புதன்

டிஸ்க் பழைய வகை, அகலப் பட்டை வயர் போடுவது. அதற்கான இணைப்பான் எங்கள் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். துறைத்தலைவர் மேலேயும் கீழேயும் பார்த்து, “சொந்த வேலையா சார்?” என்றான். தமிழ் வளர்ச்சி என்றேன்.

டிஸ்க் சுற்றுகிறது. இரண்டாவது பாதி சத்தம் போடுகிறது.

18 ஜூன், ஞாயிறு

போட்டோரெக் என்று ஒரு நிரல். பெயர்தான் போட்டோ, எல்லாவற்றையும் மீட்கும். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அழகு என்பது மருந்துக்கும் இல்லை. ஐந்து மணி நேரம் ஓடி நாலாயிரம் கோப்புகளைத் தந்தது. ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை, எல்லாம் வெறும் எண்கள். நல்ல வேளை, டிஸ்க்கின் ஒரு பகுதி நேராகவே படிக்க வந்தது. அங்கே பெயரும் தேதியும் அப்படியே இருக்கின்றன.

அகராதி, அந்தக் காலத்தில் பக்கம் கட்டப் பயன்படுத்திய பேஜ்மேக்கர் கோப்பில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் அதைத் திறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. திறந்தது. உள்ளே கடைக்காரர்கள் சொன்ன அதே குப்பை. பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்தது போல் இருந்தது.

தாமிரை எழுத்துருக் கோப்பு டிஸ்க்கில் இல்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நோட்டில் எழுதிவைத்த பட்டியலும் என்னிடம் இல்லை. சென்டர் மூடியபோது ஒரு கோபத்தில் கிழித்துப் போட்டேன். கணினியை அவன் எடுத்துக்கொண்டு ரிப்பன் தேய்ந்த பிரிண்டரை என் தலையில் கட்டிய நாள் அது.

அப்போது அது சரியான முடிவாகத்தான் இருந்தது.

20 ஜூன், செவ்வாய்

மூன்றாம் கட்டுரை: எவ்ரிதிங். கணினிக்குள் எங்கே வைத்தோம் என்று மறந்துபோன கோப்பைப் பெயரின் நாலு எழுத்து அடித்தவுடன் காட்டிவிடும். ‘நீங்கள் மறந்தாலும் அது மறக்காது’ என்று எழுதினேன். பிச்சுமணி இந்த வரியை விட்டுவைத்தார். விளம்பரம் போல இருக்கிறதாம்.

21 ஜூன், புதன்

விசை வரிசை தலைக்குள் இல்லை. நேற்று முழுக்க மூளையைக் கசக்கியும் பதினோரு எழுத்துதான் வந்தது. இன்று ஒரு யோசனை. கண்ணை மூடிக்கொண்டு, சென்டரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, ‘அகராதி’ என்று அடித்தேன். விரல்கள் தாமாகப் போயின. அடித்ததைக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிட்டால் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

தலை மறந்ததை விரல் வைத்திருக்கிறது. அறிவியல் ரீதியாக விளக்கம் உண்டு.

உலகம்மை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். “என்னங்க, கண்ண மூடிக்கிட்டு ஆர்மோனியமா வாசிக்கீங்க?”

“எழுத்துருவை நினைவுபடுத்துறேன்.”

“எட்வின் அண்ணன் பக்கத்துல நின்னு சொல்லுவாங்க, நீங்க இப்படித்தான் பாக்காம அடிப்பீங்க. டீயை வேற அவங்கதான் உங்க வாய்ல ஊத்துவாங்க.”

தேவையில்லாத தகவல்.

23 ஜூன், வெள்ளி

நூற்று எண்பத்தாறு எழுத்துகள் ஆயிற்று. மாற்றி நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாமிரையில் ‘கொ’ என்றால் கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க-தான் முன்னால். இடம் மாற்றிப் போட வேண்டும். முன்னால் நிற்பதைப் பின்னால் கொண்டுபோவது நிரலுக்கு ஒரு வரி வேலை.

24 ஜூன், சனி

மாற்றி வேலை செய்கிறது. முதல் சோதனைக்கு அகராதிக் கோப்பு பெரிதாக இருந்ததால், டிஸ்க்கிலிருந்த ஒரு சின்னக் கோப்பை எடுத்தேன். பெயர் ‘kaditham’. தேதி 11 மார்ச் 2004. அப்போது வீட்டில் கணினி இல்லை, சென்டரில்தான் எல்லாம் அடிப்பேன். வெளியீட்டைக் கீழே ஒட்டுகிறேன், எழுத்துகள் சரியாக மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக மட்டும்:

‘மதிப்பிற்குரிய எட்வின் அவர்களுக்கு, அகராதியில் அகர வரிசைதான் நியாயம் என்கிறீர். எகரம் சகரத்துக்கு முன்னால் வருவது உம் தகப்பனார் உமக்குப் பெயர் வைத்த வேலை. நீர் செய்த வேலை அல்ல. உமக்குக் கீழே என் பெயர் வருவதைவிட வராமலிருப்பதே எனக்கு மரியாதை. என் பெயரை நீக்கிவிடவும். இது பற்றிப் பேச என் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தாலும் நான் இருக்க மாட்டேன். – ப. சிவசைலம்.’

கொம்பு, கால், சுழி எல்லாம் சரியாக விழுந்திருக்கின்றன. பிழை ஒன்றும் இல்லை. நூற்றுக்கு நூறு.

25 ஜூன், ஞாயிறு

வெயில் அதிகம். வாஷிங் மெஷின் தண்ணீர் கசிகிறது.

26 ஜூன், திங்கள்

கடைசிக் கட்டுரைக்கு வேறு தலைப்பு பரிசீலித்தேன்: இரேசர். சாதாரணமாக அழித்தால் கோப்பு உண்மையில் போவதில்லை, போட்டோரெக் போன்ற ஒன்று வந்து தோண்டி எடுத்துவிடும். இரேசர் ஒரு கோப்பின்மேல் பல முறை கண்டதையும் எழுதி, இருந்த சுவடே இல்லாமல் செய்துவிடும். இதுவும் இலவசம். இறக்கி நிறுவினேன். ஒரு பயனர் தன் கணினியில் எதை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்.

டிஸ்க் என் மேசையில் இருக்கிறது. ‘kaditham’ கோப்பைத் தேர்ந்தேன். நிச்சயமா என்று கேட்டது.

பக்கத்திலேயே மூன்று கோப்புகள் இருந்தன. அழிப்பதற்கு முன் அவற்றையும் பார்த்துவிடுவது முறை என்பதால் பார்த்தேன்.

‘muthal pakkam’, 8 மார்ச் 2004. எட்வின் தேவசகாயம், ப. சிவசைலம். நான் அடித்தது.

‘muthal pakkam 2’, 13 மார்ச் 2004, சனிக்கிழமை. கடிதத்துக்கு இரண்டு நாள் கழித்து. இதை நான் அடிக்கவில்லை. தாமிரை விசை பழகாத ஒருவன் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்திருக்கிறான், என் பெயரில் மட்டும் இரண்டு பிழை. ப. சிவசைலம் மேலே. எட்வின் தேவசகாயம் கீழே.

‘muthal pakkam 3’, 29 மார்ச். அவன் பெயர் மட்டும்.

மாலையில் உலகம்மையிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அந்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்வின் வந்தானா என்று.

“வந்தாங்களே. கையில ஒரு பேப்பர் வச்சிருந்தாங்க. நீங்க உள்ளறையில இருந்துக்கிட்டு இல்லன்னு சொல்லச் சொன்னீங்க. உங்க செருப்பு வாசல்ல கெடந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க.”

“நான் என்ன கடிதம் எழுதினேன்னு உனக்குத் தெரியாது.”

“நான்தான கொண்டுபோய்க் குடுத்தேன். நீங்க கவரை ஒட்டாம குடுத்தீங்க.”

அவள் முருங்கைக்காயை நறுக்கத் தொடங்கினாள். நான்தான் கேட்டேன், பத்தொன்பது வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தபோது ஏன் சும்மா இருந்தாய் என்று.

“சொல்லியிருந்தா அடுத்த லெட்டர் எனக்குல்லா வந்திருக்கும்.”

27 ஜூன், செவ்வாய்

இரேசர் இன்னும் ‘நிச்சயமா’ என்று கேட்டபடியே நிற்கிறது. ரத்து செய்தேன். காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. டிஸ்க்கில் அழிக்கலாம், ஆனால் அச்சடித்துக் கொடுத்த கடிதம் அவனிடம் இருக்கும். ஒரு பிரதி வெளியே இருக்கும்போது இங்கே அழித்து என்ன பயன்?

மதியம் புஷ்பலதா போன் செய்தாள், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று. எல்லாம் மாறிவிட்டது, பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். பிறகு, அவள் கேட்காமலே, பழைய காகிதம் எதையாவது எட்வின் பத்திரமாக வைத்திருக்கிறானா என்று விசாரித்தேன். காகிதம் என்று பொதுவாகத்தான் கேட்டேன்.

“அந்த லெட்டரா அண்ணன்? அது அகராதியோட கடைசிப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்களே.”

“யாருக்காவது காட்டியிருக்கானா?”

“இல்ல. நீங்க ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் அவங்களப் பத்திப் பேசுறது காதுல விழும்போதெல்லாம் நான்தான் சொல்லுவேன், அதைக் கொண்டுபோய் நடுப்பந்தியில விரிச்சுக் காட்டுங்கன்னு. கேக்க மாட்டாங்க.”

“என்ன சொல்லுவான்?”

“எழுத்துரு நல்லாருக்கு, கெடக்கட்டும்னு சொல்லுவாங்க.”

தொலைபேசி இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு சரியாகத்தான் இருந்தது.

28 ஜூன், புதன்

பிச்சுமணி மூன்று முறை அழைத்தார். நான்காம் முறை எடுத்தேன்.

“அண்ணாச்சி, திருட்டு விசயம் என்னாச்சு? ரெண்டு பக்கம் காலியா வச்சிருக்கேன். தலைப்புகூட யோசிச்சிட்டேன்.”

“டிஸ்க் செத்துப்போச்சு. ஆதாரம் ஒண்ணும் கிடைக்கல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

“ஆதாரம் இல்லாமலே எழுதுங்களேன். நீங்க இத்தனை வருஷமா அப்படித்தான சொல்லிக்கிட்டு இருக்கீங்க.”

இந்த மனிதரை நான் எப்போதும் மதித்ததில்லை.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுதி அனுப்பினேன்: பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி. தாமிரை மாற்றியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்று கடைசியில் சேர்த்தேன். பூட்டு செய்தவனே சாவியையும் சும்மா கொடுக்கிறான். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. மாற்றி இல்லாமல் அந்தக் கோப்புகளால் யாருக்கும் பிரயோசனம் கிடையாது.

29 ஜூன், வியாழன்

அகராதி முழுதும் ஒருமுறை படித்தேன், 412 பக்கம். தகர வரிசை நான் நினைத்த அளவு நன்றாக இல்லை. ககரம் அவன் செய்தது, பரவாயில்லை. ஃபோல்டர் என்ற சொல்லுக்கு நேரே ‘அடுக்கு’ என்று இருக்கிறது. மூன்று வாரச் சண்டைக்குப் பிறகு யார் சொன்ன சொல் ஏறியது என்பதையே நான் மறந்திருந்தேன்.

பெயர்ப் பக்கம் இன்னும் அடிக்கவில்லை.

30 ஜூன், வெள்ளி

காலை. ஒரு பக்கம், இரண்டு பெயர். மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன்.

என் பெயர் முதலில்: நான் கேட்டது, அவன் தந்தது, நான் வாங்க வராதது. இப்போது வாங்கிக்கொள்ளலாம். அவன் மறுக்க மாட்டான் என்பதுதான் சங்கடம்.

அவன் பெயர் மட்டும்: கடிதத்தின்படி அதுதான் என் கட்டளை. கௌரவமான வழி. உலகம்மை தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இன்னொரு பத்தொன்பது வருசம் என்னால கேக்க முடியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இது அகராதி. இருபதாயிரம் சொல்லை ஒரு வரிசையில் நிற்கவைத்துவிட்டு, அட்டையில் மட்டும் அந்த வரிசை செல்லாது என்பது கணிதம் படித்தவன் செய்கிற காரியமல்ல. எகரம் முன்னால் வரும், சகரம் பின்னால் வரும். பகல் 12.20-க்கு அடித்தேன்:

எட்வின் தேவசகாயம்
ப. சிவசைலம்

லிப்ரே ஆபீசிலிருந்து பி.டி.எஃப். ஆக்கி, சுமாத்ராவில் திறந்து சரிபார்த்து, எட்வினின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். இரண்டு நிரல்களும் இலவசம், இரண்டும் சிறப்பாக வேலை செய்தன. மின்னஞ்சலில் ‘இணைப்பு காண்க’ என்பதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எல்லாக் கோப்புகளும் இருந்தபடியே இருக்கின்றன.

1 ஜூலை, சனி

பதில் இல்லை. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா என்று நான்கு முறை பார்த்தேன். வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று உலகம்மை கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா என்றாள்.

2 ஜூலை, ஞாயிறு

காலை 10.15-க்குப் பதில் வந்தது. ஒற்றை விரல்காரன் என்பது பார்த்ததும் தெரிகிறது, மூன்று வரியில் நாலு பிழை. திருத்தித் தருகிறேன்:

‘வரிசை சரி. ஆனால் பெயர்ப் பக்கத்துக்கு ஊரில் எல்லாரும் போடுகிற எழுத்துருவைப் போட்டிருக்கிறீர், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. நம்ம தாமிரையைப் போடும் ஓய். பதிப்பகத்தில் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.’

நம்ம தாமிரை என்கிறான். வரைந்தது நான், விசை வகுத்தது நான், தூங்காமல் கண் சிவந்தது நான். அவன் டீ ஊற்றினான். இதைக் குறித்துக்கொண்டேன்.

தாமிரையை யூனிகோடு எழுத்துருவாக மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். ஃபாண்ட்ஃபோர்ஜ் என்று ஒரு நிரல், இலவசம், கற்றுக்கொள்ளச் சிரமம். மதியத்துக்குள் அ, ஆ முடிந்தது. அகர வரிசையில்தான் போகிறேன். எகரத்துக்கு வர புதன்கிழமை ஆகும் என்றும், வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்றும் பதில் எழுதியிருக்கிறேன்.

செருப்பை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அது அங்கேயே இருக்கட்டும் என்றாள் உலகம்மை.